மூன்றாவது குறுக்குத் தெருவின் காய்ச்சல்

அன்புள்ள பாப்பா,

பாப்பா என்று எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வரும் திங்கட்கிழமை முதல் நீ ஒரு நகரத்தின் நகர்நல அலுவலர். உன் அறை வாசலில் பெயர்ப்பலகை தொங்கும். உன் நாற்காலியின் முதுகில் வெள்ளைத் துண்டு போட்டிருப்பார்கள். நீ தும்மினால் நான்கு பேர் எழுந்து நிற்பார்கள், ஐந்தாவது ஆள் சுக்குக் காபிக்கு ஓடுவான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாம்பரத்தில் நீ ரயில் ஏறும் வரைக்கும்தான் உன்னைப் பாப்பா என்று கூப்பிடும் உரிமை எனக்கு உண்டு என்று உன் அம்மா தீர்ப்பு வழங்கிவிட்டாள். நேரிலேயே பேசலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்த மாத்திரத்தில் அவள் "ஆரம்பிச்சாச்சா?" என்பாள். காகிதத்தில் குறுக்கே பேச அவளுக்கு இன்னும் வழி தெரியவில்லை. அதனால்தான் கடிதம்.

எழுத வைத்தது நீ நேர்காணலில் சொன்ன ஒரு வாக்கியம். "என் அப்பா நான்காவது குறுக்குத் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர். அதைப் பார்த்து வளர்ந்ததால்தான் இந்தத் துறைக்கு வந்தேன்" என்று சொன்னதாக நீ போனில் பெருமையடித்தாய். நான் வாயடைத்துப் போனேன். உலக வரலாற்றில் அதுவே முதல் தடவை என்பது உனக்கும் தெரியும். தப்பு உன்னுடையதல்ல. சாப்பாட்டு மேசையில் அந்தக் கதையை நான் உனக்கு முந்நூறு தடவை சொல்லியிருக்கிறேன். பகீரதன் கங்கையைக் கொண்டுவந்தான், உன் அப்பன் மூன்றங்குலக் குழாயைக் கொண்டுவந்தான், இரண்டில் எது கடினம் என்று முடிவு செய்யச் சொர்க்கத்தில் கமிஷன் போட்டிருக்கிறார்கள் என்கிற அளவுக்குச் சொல்லியிருக்கிறேன். முந்நூறு தடவையும் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் சொன்னேன். நீ அந்த நாற்காலியில் உட்காருவதற்குள் அந்தப் பக்கம் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். இந்தப் பக்கமெல்லாம் அப்போது மாநகராட்சி ஆகவில்லை. நான் சுகாதார ஆய்வாளராக இருந்த நகராட்சியின் பெயரை மட்டும் கேட்காதே, இங்கே எழுத மாட்டேன். ஆனால் என் புகழை எழுதாமல் இருக்க முடியாது. கோவிலம்பாக்கத்துக் கொசு அஸ்தினாபுரத்துக் கல்யாணத்துக்குப் போவதென்றாலும் என்னிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் போகும். என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் புழுக்கள் தற்கொலை செய்துகொள்ளும். என் மேசைக்குப் பின்னால் சுவர் நிறைய வார்டு வரைபடம் மாட்டியிருந்தேன். மருத்துவமனைகளிலிருந்து தினமும் காய்ச்சல் பட்டியல் வரும், ஒரு நோயாளிக்கு ஒரு சிவப்புக் குண்டூசி குத்துவேன். எந்தத் தெருவில் ஊசி அதிகமோ, அங்கே விடியற்காலையில் கொசுமருந்துப் புகை வண்டி போகும். இதில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. நோயாளி இருக்கும் தெரு வரைபடத்தில் இல்லையென்றால், பக்கத்தில் பெயருள்ள தெரு எதுவோ அதில் ஊசியைக் குத்திவிட வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் எனக்குக் கீழே இருந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஊசிக்கு நிற்க ஓர் இடம் கிடைத்தால் சரி, வேறென்ன வேண்டும்?

அப்படியிருக்கையில் ஒரு நாள் மூன்றாவது குறுக்குத் தெருவின் நலச்சங்கச் செயலாளர் என் அறைக்குள் நுழைந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நான் உட்காரச் சொல்வதற்குள், எழுந்து நிற்கும்படி என்னைப் பார்த்தார். எழுந்தும் விட்டேன்.

"எங்க தெருவுல என்ன சார் பிரச்சினை?"

"காய்ச்சல் சார். இந்த நகராட்சியிலேயே மூணாவது குறுக்குத் தெருதான் முதலிடம்" என்று வரைபடத்தைக் காட்டினேன். அந்தத் தெரு முழுக்கச் சிவப்பாக, மிளகாய் காயப்போட்ட மாதிரி இருந்தது.

"யாருக்குச் சார் காய்ச்சல்? ஒரே ஒருத்தர் பேரைச் சொல்லுங்க பாப்போம். போன தீபாவளிக்கு அப்புறம் எங்க தெருவுல ஒரு தும்மல்கூடக் கிடையாது. ஆனா தினம் காலைல ஆறு மணிக்கு உங்க வண்டி வந்து புகை விட்டுட்டுப் போகுது. என் சம்சாரத்தையே நான் ஏழு மணிக்கு மேலதான் சார் பாக்கறேன்!"

அவர் போனதும் பட்டியலை எடுத்துப் புரட்டினேன். மூன்றாவது குறுக்குத் தெருவின் ஊசிகளில் ஒன்றுகூட அந்தத் தெருவைச் சேர்ந்ததில்லை. எல்லா முகவரியும் ஒன்றுபோல 'ஏரிக்கரை, மூன்றாவது குறுக்குத் தெரு பின்புறம்' என்றே இருந்தது. உலகத்திலேயே ஆரோக்கியமான தெருவுக்கு இரண்டு வருடமாகத் தினம் தினம் மருந்தடித்திருக்கிறேன். அங்கிருந்த காக்காய்கள்கூட வேளச்சேரிக்குக் குடிபெயர்ந்துவிட்டன. காய்ச்சல் வந்த தெரு, பின்பக்கச் சுவருக்கு அந்தப் புறத்தில் தானாக இருமிக்கொண்டிருந்தது.

உடனே வண்டியை உதைத்துக்கொண்டு போனேன். சுவர் ஓரமாகச் சந்து, உள்ளே நாற்பதுக்குக் கொஞ்சம் மேல் வீடுகள், ஒரு வீடு விடாமல் வாசலில் நீல டிரம். முதல் டிரம்மின் மூடியைத் திறந்தேன். கொசுப்புழுக்கள் என்னைப் பார்த்து நெளிந்தன. எதிரியின் கோட்டையைக் கண்டுபிடித்துவிட்ட சேனாதிபதி என்ன செய்வானோ அதைச் செய்தேன். டிரம்மை ஒரே தள்ளாகக் கவிழ்த்தேன். தண்ணீர் சந்து முழுக்க ஓடியது. இடுப்பில் கை வைத்து நின்றேன். சிலை வைக்கத்தான் ஆளில்லை.

"இன்னா சார் இது?"

திரும்பினால் சுமதி. நம் தெருவைப் பெருக்குவாளே, நீ சுமதி அக்கா என்று கூப்பிடுவாயே, அவளேதான். வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்தாள். எட்டு வருடமாக நம் வாசலைச் சுத்தம் செய்கிறவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

"புழு இருக்கும்மா அதுல. காய்ச்சல் வரும்" என்றேன், சேனாதிபதிக் குரல் கொஞ்சம் இறங்கி.

"அது மூணு நாள் தண்ணி சார். இனிமே வெள்ளிக்கெழமதான் லாரி வரும். காய்ச்சல் இனிமேதான் வரணுமா? பிரியா நாலு நாளா ஆஸ்பத்திரில கீது. தண்ணிய புடிச்சி வெச்சா புழு வருதுன்றீங்க, வெக்காட்டி நாங்க இன்னாத்த குடிக்கிறது?"

பிரியா அவளுடைய மகள், பதினோரு வயது, டெங்கு. பெருமாளிடமும் சிவனிடமும் பதில் கிடையாத கேள்விக்கு ஞானஸ்நானம் பெற்ற சுகாதார ஆய்வாளனிடம் மட்டும் எப்படி இருக்கும்? மறுநாள் அலுவலகத்துக்கு வா, குழாய்க்கு மனு எழுதித் தருகிறேன் என்றேன். வந்தாள். மனுவைவிட வரைபடம்தான் அவள் கண்ணில் பட்டது.

"எங்க வூடு எங்க சார் இதுல?"

விரலை மூன்றாவது குறுக்குத் தெருவில் வைத்துப் பின்பக்கமாக நகர்த்தினேன். விரல் நேராக நீலத்துக்குள் இறங்கியது. அவர்கள் வீடுகள் ஏரிக்கு வெளியே, நல்ல மேட்டில்தான் இருக்கின்றன. படம் வரைந்த மகானுபாவர் நீல மையைத் தாராளமாகத் தடவிவிட்டிருந்தார்.

"இன்னா சார், தண்ணிக்குள்ள வுட்டுட்டீங்க? நாங்க இன்னா மீனா?"

அலுவலகமே சிரித்தது, அவளும் சிரித்தாள். பிறகு பிரியாவின் ஊசி எது என்று கேட்டாள். தலைமையாசிரியர் வீட்டு வாசலில் குத்தியிருந்த ஒன்றைக் காட்டினேன். அதன் தலையில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"அந்தத் தெருவுல அவ சைக்கிள் ஓட்னாலே வெரட்டுவாங்க சார். காய்ச்சலுக்கு மட்டும் எடம் குட்த்துட்டீங்க."

பாப்பா, உனக்கு நான் மருத்துவம் சொல்லித்தர வேண்டியதில்லை. டெங்கு இரண்டாவது தடவை வந்தால் முதல் தடவையைவிட மோசமாகலாம் என்று சுமதியிடம் மருத்துவர் சொல்லியிருந்தார். மழைக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் குழாய் வர வேண்டும், டிரம்கள் போக வேண்டும். ஊரைக் கூட்டுகிறவர்களும் சாக்கடை அடைப்பு எடுக்கிறவர்களும் ஒரே சாதியாக, ஒரே சந்தில், வரைபடத்துக்கு வெளியே இருப்பது எப்படித் தற்செயலாகும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. உறைக்க இருபத்திரண்டு வருட சர்வீஸ் ஆகியிருந்தது.

புறப்பட்டேன். மாடியில் குடிநீர்ப் பிரிவு. "தெருவே இல்லாத எடத்துக்கு எப்படி சார் குழாய் போடறது? சாலைப் பிரிவுல தெருன்னு எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார் பொறியாளர். பக்கத்து அறையில் சாலைப் பிரிவு. "அது ஏரி இல்லன்னு வருவாய்த்துறை சொல்லட்டும், நாளைக்கே தெருன்னு எழுதறேன்" என்றார்கள். சாலைக்கு எதிர்ப்புறம் வருவாய் அலுவலகம். அங்கே வருவாய் ஆய்வாளர் ஓர் அம்மா, பொறுமைசாலி. ஆறு வருடத் தூசியைத் தட்டி ஒரு கோப்பை எடுத்தார். "சார், நாங்க எப்பவோ விசாரிச்சிட்டோம். அங்க எத்தனை குடும்பம் இருக்குன்னு உங்க சுகாதாரப் பிரிவைக் கேட்டு எழுதினோம். பாருங்க பதில்." பூமி உருண்டை என்று கண்டுபிடிக்கக் கப்பல் ஏறிப் போனார்கள். எனக்கு ஒரு மாடிப்படி போதுமாயிருந்தது.

பதில் இரண்டு வரி. 'இப்பொருள் இப்பிரிவைச் சார்ந்ததன்று. உரிய பிரிவுக்கு அனுப்பலாம்.' அதன் கீழே என் கையெழுத்து. என் கையெழுத்து உனக்குத் தெரியுமே! உன் மதிப்பெண் அட்டையில் போட்டால் பக்கத்துப் பிள்ளையின் மதிப்பெண்வரை நீளும், மலைப்பாம்பு இரை விழுங்கிப் படுத்திருப்பது போல இருக்கும். எழுதியது சுத்தமாக நினைவில் இல்லை. ஒரு நாளைக்கு அப்படி நாற்பது எழுதுவேன். என்னுடையது அல்ல என்று எழுதிவிட்டால் மேசை காலியாகும், மேசை காலியானால் திறமைசாலி. ஓர் எண்ணை எழுதியிருந்தால் போதும், பாப்பா. நடந்து போய் வீடுகளை எண்ணிவிட்டு வந்திருந்தால் போதும்.

"யாரு சார் இந்தக் கையெழுத்து?" என்று அந்த அம்மா கேட்டார்.

"தெரியலையே மேடம். முன்னாடி இருந்த யாரோ" என்றேன்.

நான் கிழித்துவைத்த பக்கம் இதுதான். உனக்குச் சொன்ன கதையில் சிவப்பு நாடா என்று ஓர் அரக்கன் வருவான், நான் அவனோடு சண்டை போடுவேன். அந்த அரக்கனின் கையெழுத்து மலைப்பாம்பு மாதிரி இருக்கும் என்று மட்டும் சொல்லாமல் விட்டேன்.

மிச்சக் கதை நீ கேட்டதுதான், ஏறக்குறைய. கூட்டம் போட்டால் யாரும் வர மாட்டார்கள், பிஸ்கட் மட்டும் வரும். அதனால் மூன்று பிரிவுக்கும் தனித்தனியாகப் போய் ஒரே பொய்யைச் சொன்னேன். "புதன்கிழமை காலைல ஏழு மணிக்கு மத்தவங்க ரெண்டு பேரும் ஏரிக்கரைக்கு வராங்க. தப்பு உங்க பிரிவு மேலதான்னு எழுதப் போறாங்களாம், பாத்துக்கங்க." ஆறே முக்காலுக்கே மூன்று பேரும் டீக்கடையில் ஆஜர். பொய்க்கு அந்த ஞாயிறே ஆலயத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், கர்த்தர் சிரித்ததாகத்தான் எனக்குப் பட்டது.

சுமதிதான் எங்களைச் சந்துக்குள் கூட்டிப்போனாள். தன் வாசலில் நிறுத்தி, தட்டில் நான்கு டம்ளர் தண்ணீர் நீட்டினாள். ஒருவர் கையும் எழவில்லை. என் கையில் வழக்கம்போல வீட்டிலிருந்து கொண்டுபோன பாட்டில் இருந்தது, அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். சுமதி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "பரவால்ல சார், குடிக்காதீங்க. டிரம்மு தண்ணிதான். சும்மா குட்த்துப் பாத்தேன்" என்று தட்டை உள்ளே எடுத்துப் போனாள். நான் தயங்கியது தண்ணீரில் இருந்த புழுவுக்கா, கொடுத்த கைக்கா? நமக்குச் சாதி கிடையாது என்று உன்னை ஞாயிறு பள்ளியில் பாட வைத்தவன் நான். இன்றுவரை அந்தக் கேள்விக்கு அடித்துப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. உனக்கு அங்கே யாராவது டம்ளரை நீட்டும்போது உன் கை எங்கே போகிறது என்று நீயே பார்த்துக்கொள்.

அதன் பிறகு நடந்ததுதான் அதிசயம். பொறியாளர் என் காய்ச்சல் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இத எங்கிட்ட காட்டியிருந்தா எங்கெங்க குழாய் இல்லன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்குமே சார்!"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே சார் கேக்க முடியும்?"

இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில், ஒரே மாடிப்படியில், ஒன்பது வருடமாக ஏறி இறங்கியவர்கள். உன் ஊரிலும் இப்படி ஒரு படிக்கட்டு இருக்கும். முதல் நாளே ஏறிப் போய் உன் பட்டியலைக் கொடுத்துவிட்டு அவர்கள் வரைபடத்தை வாங்கிக்கொண்டு வா. அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதே. கொசு உன் துறை, குழாய் அவர் துறை, நிலம் வேறொருவர் துறை என்பதெல்லாம் நமக்குத்தான், காய்ச்சலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது குறுக்குத் தெருவில் நிறுத்தியிருந்த ஜீப்பின் முன்மூடியில் வைத்து ஒரே தாளில் நான்கு பிரிவும் எழுதினோம். இத்தனை குடும்பம் என்று நான், இது ஏரி அல்ல என்று அந்த அம்மா, இது தெரு என்று சாலைப் பிரிவு, மூன்றாவது குறுக்குத் தெருவிலிருந்து குழாய் இழுக்கலாம் என்று பொறியாளர். நான் கையெழுத்துப் போட்டேன். வருவாய் ஆய்வாளர் அம்மா அந்தப் பழைய பதிலைக் கோப்பிலிருந்து எடுத்து அருகில் வைத்தார். இரண்டு மலைப்பாம்பு. அவர் என்னைப் பார்த்தார். சுமதி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளும் இரண்டு தாளையும் பார்த்தாள், தேதியோடு.

தெருவுக்குப் பெயர்? மூன்றாவதுக்கு அடுத்தது நான்காவது என்று எழுதிவிட்டோம். எழுதிய சூடு ஆறுவதற்குள் தலைமையாசிரியர் வந்துவிட்டார். "நாங்க சாதியெல்லாம் பாக்கறதில்ல சார். ஆனா..." என்று தொடங்கினார். அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் வந்ததை எழுதிக் காகிதத்தை வீணாக்க விரும்பவில்லை. அவர்கள் எப்படி இந்த நகரின் நான்காவது தெரு ஆவார்கள், குழாய் ஏன் எங்கள் தெருவைத் தோண்டிக்கொண்டு போக வேண்டும், இதுதான் சாரம்.

"சரி சார், வேண்டாம்" என்றேன் மிகப் பணிவாக. "நாலாவது தெருன்னு ஒண்ணு படத்துல இல்லன்னா, அவங்க காய்ச்சல் எல்லாத்தையும் உங்க தெருவுலதான் குத்தியாகணும். சட்டம் சார். மழைக்காலம் வேற வருது. காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வண்டி அனுப்பறேன்."

அவர் யோசிப்பதற்குள், தன் வீட்டு வாசலில் நின்ற அவர் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னார்: "ஏங்க, நாலாவதோ நாப்பதாவதோ இருந்துட்டுப் போகட்டுமே. எனக்கு இந்தப் புகை போதும்." நீதி அன்று புகைக்குப் பயந்துதான் ஜெயித்தது, பாப்பா, நியாயத்தைக் கேட்டு அல்ல. அதில் எனக்குப் பெருமை பாதிதான். ஆனால் தோண்டுவதற்குப் பொறியாளர் மறுநாளே ஆள் அனுப்பிவிட்டார். அவர்கள் மனம் மாறக் காத்திருந்தால் மழை வந்திருக்கும்.

குழாய் திறந்தது முதல் மழைக்கு ஒன்பது நாள் முன்னால். பிரியா வீட்டுக்கு வந்திருந்தாள், முடியெல்லாம் கொட்டி, வாசற்படியில் உட்கார்ந்து எல்லாரையும் மேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு சின்னச் சொற்பொழிவும் தயார் செய்துகொண்டு, குழாயடியில் நின்றேன். சுமதி முதல் குடத்தை வைத்தாள். தண்ணீர் விழும் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினாள்.

"சார், அந்தப் பழைய கடுதாசில கீற கையெழுத்து உங்களுதுதானே?"

நான் பொய் சொல்வதில் எவ்வளவு கெட்டிக்காரன் என்று உனக்குத் தெரியும். அன்று வரவில்லை.

"ஆமாம்மா."

"ஆறு வருஷம்."

"ஆமா."

"பிரியாக்கு அப்போ அஞ்சு வயசு சார்."

குடம் நிரம்பி வழிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், சொற்பொழிவுதான் தொண்டையில் குறுக்கே நின்றது. அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "சரி, தள்ளி நில்லுங்க சார். பின்னாடி கியூ நிக்குது."

தள்ளி நின்றேன். கிளம்பிப் போகவும் கால் வரவில்லை. அடுத்து வந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சும்மாதானே நின்னுகினு கீறீங்க, இந்தக் குடத்த கொஞ்சம் தூக்கி வுடுங்க சார்" என்றாள். தூக்கினேன். அவளுக்குப் பின்னால் வந்தவளுக்கும் தூக்கினேன். பிரியா வாசற்படியிலிருந்து எண்ணினாள். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நாலாயிரம் குடம் தூக்கினேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். பதினேழு, பாப்பா. அதற்கே இடுப்பு பிடித்துக்கொண்டது.

உன் அப்பா